நின்று காட்டும் நாயும் எடுத்து வரும் நாயும்

1

வேட்டை நாய் என்றதும் நமக்குத் துரத்தல்தான் நினைவுக்கு வரும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்டால் ஓடிப் பிடிக்கிற நாய்கள். கண் பார்க்கிறது, கால் வெல்கிறது, வாய் காரியத்தை முடிக்கிறது. ஐரோப்பாவில் மேட்டு நிலத்துப் பறவைகளை வேட்டையாடும் முறை இதற்கு நேர் எதிரானது. கௌதாரி, காடை, கிரவுஸ் போன்ற பறவைகள் ஆபத்து வரும்போது உடனே பறப்பதில்லை. தங்கள் நிறத்தை நம்பித் தரையோடு தரையாகப் பதுங்கிவிடுகின்றன. எதிர்க்காற்றில் தலையை உயர்த்திக் குறுக்கும் நெடுக்குமாக ஓடிவரும் நாய், காற்றில் அவற்றின் வாசனை பட்டதும் சட்டென்று நின்றுவிடுகிறது. வால் விறைத்து, ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி, மூக்கு பறவை இருக்கும் திசையை நோக்க, சிலைபோல் நிற்கிறது. இதைச் செய்யும் நாய் பாயின்டர். இதே வேலையைப் பெரும்பாலும் உடலைத் தாழ்த்திச் செய்யும் நீள்மயிர் நாய் செட்டர். நிற்பதுதான் வேலை. அதற்குமேல் ஓரடி எடுத்து வைத்தால் அது குற்றம்.

நாய் நின்ற பிறகு மனிதன் நிதானமாக நடந்து போகிறான், பறவைகளைக் கிளப்புகிறான், சுடுகிறான். பறவைகள் எழும்போதும் துப்பாக்கி வெடிக்கும்போதும் நாய் அசையக்கூடாது. ஒரு நாய் நிற்பதைத் தொலைவிலிருந்து பார்த்த இன்னொரு பாயின்டர், தன் மூக்கில் எந்த வாசனையும் படாதபோதும், முதல் நாயை நம்பித் தானும் நின்றுவிடும் வழக்கம் உண்டு. (நமது விமர்சன உலகில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.)

இனி இரண்டாவது நாய். இத்தனை நேரமும் அது எஜமானனின் காலடியை ஒட்டி நடந்து வந்திருக்கிறது. தேடுவதற்கு அதற்கு உரிமையில்லை. பறவை எந்த இடத்தில் விழுந்தது என்று பார்த்து வைத்துக்கொள்வதும், கட்டளை கிடைத்ததும் போய்ப் பல்படாமல் கவ்வி எடுத்து வந்து கையில் கொடுப்பதும் அதன் வேலை. சிறகு மட்டும் உடைந்த பறவை புதருக்குள் ஓடிவிடும். அதன் காலடி வாசனையைத் தரையில் மூக்கை வைத்துத் தொடர வேண்டும். இந்த நாய் ரிட்ரீவர்.

ஆக, ஒரு பறவை பைக்குள் போவதற்கு இரண்டு நாய்கள். ஒன்று கண்டுபிடிக்கும், தொடாது. மற்றது தொடும், கண்டுபிடிக்காது. வேட்டை நூல்கள் இதைச் சுபாவம் என்ற சொல்லால் விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பாயின்டரின் மூக்கு காற்றில் இருக்கிறது, ரிட்ரீவரின் மூக்கு தரையில் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாயிடம் கேட்டால் இரண்டும் கெட்டுப்போகும் என்பது விளக்கம். இந்த விளக்கத்தில் ஒரு பகுதி உண்மை. மற்றப் பகுதி சரித்திரம். எது எங்கே முடிகிறது என்று பார்ப்பது வேட்டையில் சிறிதும் அக்கறையில்லாத நமக்கும் அவசியம் என்று நினைக்கிறேன்.

2

நின்று காட்டும் நாய் துப்பாக்கிக்கு முந்தையது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவர் ஜான் கேயஸ் 1570இல் பிரிட்டிஷ் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். 1576இல் ஆபிரகாம் ஃப்ளெமிங் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பறவையின் இடம் தெரிந்ததும் சத்தமின்றித் தரையோடு படுத்துவிடும் நாய் ஒன்று அதில் வருகிறது. வேடன் வலையை விரித்துப் பறவைக் கூட்டத்தின் மேல் இழுத்துவிடுவான். துப்பாக்கியின் பேச்சே அங்கு இல்லை. ஜெர்வஸ் மார்க்கம் 1621இல் பறவை பிடிக்கும் கலை பற்றி எழுதிய நூலிலும் இந்த நாய் இருக்கிறது. செட்டர் உடலைத் தாழ்த்தி நிற்பது வலைக்காலத்தின் மிச்சம் என்று சொல்வார்கள். வலை நாயின் மேலாகவும் போக வேண்டுமல்லவா?

கேயஸின் பட்டியலில் இன்னொரு நாயும் உண்டு. அதற்கு அவர் கொடுத்த பெயர் திருட்டு நாய். இரவில், குரைக்காமல், எஜமானன் சொன்னபடி முயல் பிடித்து வருவது. பிற்காலத்தில் லர்ச்சர் என்று அழைக்கப்பட்ட கலப்பின நாய், கள்ள வேட்டைக்காரனின் துணை, இந்த வழியில் வருவதுதான். அது தேடும், துரத்தும், பிடிக்கும், எடுத்து வரும். எல்லாம் ஒரே நாய். வேட்டை நூல்களில் அதற்கு மரியாதை கிடையாது.

இந்த அவமரியாதைக்குச் சட்டப் பின்புலம் இருக்கிறது. 1671ஆம் ஆண்டின் இங்கிலாந்து வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலமோ, 150 பவுன் வருமானம் தரும் நீண்டகாலக் குத்தகை நிலமோ உள்ளவனும், அதற்கு மேலான அந்தஸ்துள்ள குடும்பத்தின் வாரிசும்தான் கௌதாரியையும் ஃபெசன்ட்டையும் கொல்லலாம். மற்றவர்கள் துப்பாக்கியோ வலையோ வேட்டை நாயோ வைத்திருந்தால், பண்ணையின் வேட்டைக் காவலன் வீட்டைச் சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம். பறிமுதல் பட்டியலில் நின்று காட்டும் நாயும் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் மாவட்டப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுவதற்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுன், வருமானமுள்ள நிலம் போதும். ஓட்டுப் போட வேண்டிய சொத்தைப்போல் 50 மடங்கு சொத்து ஒரு கௌதாரியைக் கொல்ல வேண்டியிருக்கிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டனே சுட்டிக்காட்டினார். 1755இல் வேட்டைப் பறவைகளை விற்பதும் எல்லாருக்கும் தடைசெய்யப்பட்டது. கௌதாரி தின்பண்டமாக இருந்தாலும் சந்தைக்கு வரக்கூடாது. அது அந்தஸ்தின் நாணயம். நண்பனுக்குப் பரிசாக அனுப்பலாம், விலைக்கு விற்கக்கூடாது.

1831இல்தான் இந்தச் சொத்துத் தகுதி போயிற்று. பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கினால் எவரும் வேட்டையாடலாம், நிலத்துக்காரன் அனுமதித்தால். நிலம் யாரிடம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாயின்டர் உயர்த்திய முன்னங்காலில் நாம் பார்ப்பது மூக்கின் நுட்பம் மட்டுமல்ல. அந்த நாயை வைத்திருக்க யாருக்கு உரிமை என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த பதிலும் அதில் இருக்கிறது.

3

பாயின்டரும் ரிட்ரீவரும் ஒரே வயலில் சேர்ந்து நடந்த காலம் நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஸ்பெயின் வழியாக வந்த கனத்த பாயின்டர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பரவியது. 1760களில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் அதை வரைந்திருக்கிறார். அக்காலத் துப்பாக்கி வாய்வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கி. சுட்டபின் நின்ற இடத்திலேயே மருந்து, தக்கை, ரவை என்று மறுபடியும் இட்டு நிரப்ப வேண்டும். அதுவரை நாய் அசையக்கூடாது. அசைந்தால் மீதிப் பறவைகளும் எழுந்து பறந்துவிடும். ஆகவே நாயின் பொறுமை துப்பாக்கியின் தாமதத்துக்கு ஏற்ப வார்க்கப்பட்டது. விழுந்த பறவையை எடுக்க அது ஓடலாமா? ஓடக்கூடாது. இங்குதான் இரண்டாவது நாய்க்கு இடம் உண்டாகிறது.

அந்த இரண்டாவது நாய் வந்த இடமும் கவனிக்கத்தக்கது. நியூஃபவுண்ட்லாந்து தீவின் மீனவர்கள் வைத்திருந்த கருப்பு நீர்நாய் - செயின்ட் ஜான்ஸ் நாய் என்று பெயர் - குளிர்ந்த கடலில் குதித்து, தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் மிதக்கும் கயிற்றையும் எடுத்து வரும். மீன் கப்பல்களோடு அது இங்கிலாந்தின் தென்கரைக்கு, குறிப்பாகப் பூல் துறைமுகத்துக்கு, வந்து சேர்ந்தது. கர்னல் பீட்டர் ஹாக்கர் 1814இல் வெளியிட்ட வேட்டைக் கையேட்டில் அதைப் புகழ்கிறார். மாம்ஸ்பரி பிரபுக்களும் பக்ளூ பிரபுக்களும் அதை வாங்கி வளர்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் லாப்ரடார். 1903இல் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்தின் கிசாகனில் டட்லி மார்ஜோரிபாங்க்ஸ் - பிற்பாடு டுவீட்மவுத் பிரபு - 1868இல் மஞ்சள் நிற ரிட்ரீவர் ஒன்றையும் நீர் ஸ்பானியல் ஒன்றையும் சேர்த்து ஈன்ற குட்டிகளிலிருந்து கோல்டன் ரிட்ரீவர் வந்தது. மீனவனின் நாய் பிரபுவின் நாயாயிற்று. நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்களிடம் மிஞ்சியிருந்த மூல இனம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அற்றுப்போனது.

ஹாக்கரின் காலத்திலிருந்து ஏறக்குறைய 1870 வரைதான் இந்தக் கூட்டுக்குப் பொற்காலம். அதைக் கலைத்ததும் துப்பாக்கிதான். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்ஸைத் 1807இல் புதிய வெடிமுறைக்குக் காப்புரிமை பெற்றார். சிக்கிமுக்கிக் கல்லின் தீப்பொறியைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவதுதான் அவரை அந்த ஆராய்ச்சியில் இறக்கியது என்பார்கள். பின்வாய் திறந்து தோட்டா போடும் லெஃபோஷூவின் பிரெஞ்சுத் துப்பாக்கி 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. தாமதம் போயிற்று. தாமதத்துக்காகச் செதுக்கப்பட்ட பொறுமைக்கு வேலையில்லாமல் போயிற்று. வயலும் மாறியது. கதிர் அரிவாளால் அறுத்த காலத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்ற தாளில் கௌதாரி பதுங்கியிருந்தது. அறுவடை இயந்திரம் தாளை ஒட்ட அறுத்தது. மறைவில்லாத பறவை நாய் நெருங்குவதற்கு முன்பே எழுந்தது.

அதன்பின் முறை தலைகீழாயிற்று. சுடுகிறவன் நடப்பதை விட்டான். ஓரிடத்தில் நின்றான். கிராமத்துக் கூலியாட்களும் பையன்களும் கம்பும் கொடியுமாகக் காடு கலைத்துப் பறவைகளை அவன் தலைக்குமேல் ஓட்டினார்கள். பக்கத்தில் ஒருவன் இரண்டாவது துப்பாக்கியில் தோட்டா போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். இதன் உச்சம் 1913 டிசம்பர் 18. பக்கிங்ஹாம்ஷயரில் ஹால் பார்ன் பண்ணையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உட்பட ஒரு குழு ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. இங்கே ரிட்ரீவருக்கு வேலை பெருகியது. பாயின்டருக்கு ஒன்றுமில்லை. அதன் இடத்தில் இப்போது கூலி வாங்கும் மனிதன்.

வேலை போன பாயின்டருக்கு என்ன கிடைத்தது? மேடை. 1859 ஜூனில் நியூகாசிலில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. பாயின்டர்களுக்கும் செட்டர்களுக்கும் மட்டும் நடந்த அந்தக் கண்காட்சியில் பரிசு துப்பாக்கி. 1865 ஏப்ரல் 18இல் பெட்ஃபர்ட்ஷயரின் சவுத்ஹில்லில் முதல் களப்போட்டி. 1873இல் கென்னல் கிளப். 1874இல் அதன் முதல் வம்சாவளிப் பதிவேடு. வயலில் தேவை குறையத் தொடங்கிய ஏறக்குறைய அதே ஆண்டுகளில் போட்டியும் பரிசும் தூய்மையும் வருகின்றன. ஊர்த் திருவிழாவில் விடியவிடிய ஆடிய கூத்து, அரைமணி நேர விழா மேடைக்கு வரும்போது என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாயின்டர் வேட்டையாடுவதை விட்டு, வேட்டையாடுவது எப்படி என்று நடித்துக்காட்டத் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் சில மலைச்சரிவுகளில் ஆகஸ்ட் 12க்குப் பிறகு கிரவுஸ் பருவத்தில் பழைய முறை மிஞ்சியது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

4

ஒரே நாய் இரண்டு வேலையும் செய்ய முடியாதா என்ற கேள்விக்குப் பதிலை இங்கிலாந்துக்கு வெளியே பார்க்கலாம். நம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த இரண்டு ரஷ்ய நாய்களிலிருந்து தொடங்குவோம்.

1852இல் புத்தகமான துர்கனேவின் வேட்டைக்காரன் குறிப்புகளில் யெர்மோலாய் என்ற பண்ணையடிமை வருகிறான். மாதம் ஒருமுறை எஜமானரின் சமையலறைக்கு இரண்டு ஜோடி காட்டுக்கோழியும் கௌதாரியும் கொண்டு கொடுக்க வேண்டும் என்பது அவன்மேல் விதிக்கப்பட்ட கடமை. அதற்குமேல் அவனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவனிடம் வாலெட்கா என்றொரு பறவை நாய். அதற்கு அவன் ஒருநாளும் சோறு போட்டதில்லை. நாய் புத்தியுள்ள பிராணி, தன் வயிற்றுப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவன் சித்தாந்தம். எஜமானர் யெர்மோலாயை நடத்துவதும் யெர்மோலாய் வாலெட்காவை நடத்துவதும் ஒன்றே என்பதை துர்கனேவ் ஓரிடத்திலும் சொல்வதில்லை. சொல்லாததால்தான் அது இலக்கியமாயிற்று. பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861இல்.

டால்ஸ்டாயின் அன்னா கரெனினாவில் லெவினின் நாய் லாஸ்கா. இரண்டாம் பாகத்தில் அந்தி நேர வேட்டையில் சுடப்பட்ட பறவையை அதுவே எடுத்துக்கொண்டு வருகிறது. ஆறாம் பாகத்தில் சதுப்பு நிலத்தில் உள்ளான் இருக்கும் இடத்தைக் கண்டு நிற்பதும் அதுவே. இங்கிலாந்துப் பிரபு பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார். அந்த ஆறாம் பாகக் காட்சியில் லெவின் தவறான இடத்தைக் காட்டித் தேடச் சொல்கிறான். அங்கே ஒன்றும் கிடையாது என்று லாஸ்காவுக்குத் தெரியும். அவன் மனம் கோணாதிருக்கத் தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறது. கட்டளையைவிட அனுபவம் பெரிது என்பதை நாயின் பிரக்ஞைக்குள்ளிருந்து எழுதிய பக்கங்கள் அவை. ஒரே வேலைக்கென்று வார்க்கப்பட்ட நாயைக்கொண்டு டால்ஸ்டாய் இதை எழுதியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

ரஷ்யாவில் இது வழக்கம் என்ற அளவில் இருந்தது. ஜெர்மனியில் கொள்கையாயிற்று. 1848 புரட்சிவரை பிரபு தனக்குச் சொந்தமில்லாத குடியானவன் நிலத்திலும் வேட்டையாடலாம். பயிர் மிதிபட்டால் குடியானவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதிச் சட்டத்தால் பிரஷ்யாவில் அந்த உரிமை ஒழிந்தது. நிலம் யாருடையதோ வேட்டை அவனுடையது. 1850இல் வந்த சட்டம் இதை ஓரளவு பின்வாங்கியது. தொடர்ச்சியாக 300 மார்கன் - ஏறக்குறைய 75 ஹெக்டேர் - நிலமாவது இல்லாமல் தனியாக வேட்டையாட முடியாது என்றது. சிறு நிலங்களைச் சேர்த்துக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்தவர்களில் வனக்காவலரும் மருத்துவரும் கடைக்காரரும் உண்டு. இருபது நாய் வைக்கக் கொட்டகையும் நாய் பார்க்க ஆளும் இவர்களிடம் இல்லை. ஒரு நாய்தான் வைக்க முடியும். அது கௌதாரிக்கு முன்னால் நிற்க வேண்டும், சுட்ட பறவையை எடுக்க வேண்டும், குளத்தில் விழுந்த வாத்துக்கு நீந்த வேண்டும், காயம்பட்ட மானின் ரத்தச் சுவட்டைக் காட்டுக்குள் தொடர வேண்டும்.

ஹெகவால்ட் என்ற புனைபெயரில் எழுதிய ஜெட்லிட்ஸ் இந்த எல்லா வேலை நாய்க்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இடைவிடாமல் வாதாடினார். அவர் காட்டிய வழியில் நாய்க்குத் தேர்வுகள் வகுக்கப்பட்டன. இன்று நாம் படங்களில் காணும் ஜெர்மன் குட்டைமயிர், கம்பிமயிர்ப் பாயின்டர்கள் அந்தத் தேர்வுகளில் உருவானவை. அவை நின்றும் காட்டுகின்றன, எடுத்தும் வருகின்றன. மூக்கைக் காற்றிலும் வைக்கின்றன, தரையிலும் வைக்கின்றன. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அட்லாண்டிக்கைக் கடந்த இங்கிலீஷ் பாயின்டர்களும் செட்டர்களுமே அமெரிக்காவின் சாதாரண வேட்டைக்காரர்களிடம் பறவை எடுத்து வரப் பழகிக்கொண்டன.

இதிலிருந்து பிறக்கும் விதி எளியது. ஏழையின் நாய் எல்லா வேலையும் செய்யும். பணக்காரனின் நாய் ஒரே வேலை செய்யும். பணக்காரனின் நாய் மற்றதைச் செய்ய இயலாதது என்பதல்ல. செய்தால் அது பணக்காரனின் நாயாக இராது.

நான் வங்கியில் குமாஸ்தா. ஒருவர் வவுச்சரைப் பதிவதும், மற்றொருவர் சரிபார்த்து அனுமதிப்பதும், மூன்றாமவர் பணத்தை எண்ணித் தருவதும் எங்கள் அன்றாடம். ஒருவர் வேலையை மற்றவர் செய்யக்கூடாது என்பது பணத்தின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி. யாருடைய திறமையைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஒருவர் ஒரே நாற்காலியில் இருபது வருஷம் உட்கார்ந்துவிட்டால், அவருக்கு வேறு வேலை வராது, அவர் சுபாவமே அப்படி என்று சுற்றியிருப்பவர்கள் பேசத் தொடங்குவார்கள். கொஞ்ச நாளில் அவரும் அதை நம்புவார்.

5

இரண்டு நாய்க் கூட்டு இன்றும் முழுச் சடங்காக நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் தாமஸ்வில்லுக்கும் ஃபுளோரிடாவில் டல்லஹாஸிக்கும் நடுவே, ரெட் ஹில்ஸ் என்னும் செம்மண் மேடு. உள்நாட்டுப் போருக்குப்பின் விலை சரிந்த பருத்திப் பண்ணைகளை வடக்கத்திய தொழிலதிபர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாங்கி, குளிர்காலக் காடை வேட்டைக்கென்று வைத்துக்கொண்டார்கள். கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியில் விருந்தினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வண்டிக்கடியில் நாய்ப் பெட்டிகள். பாயின்டர்கள் ஜோடி ஜோடியாக இறக்கிவிடப்படும். குதிரையில் போகிறவன் நாய் நிற்பதைக் கண்டு தொப்பியை உயர்த்துவான். விருந்தினர்கள் இறங்கிப்போய்ச் சுடுவார்கள். சுட்டு முடித்ததும், அதுவரை வண்டியோட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறிய ஸ்பானியலோ லாப்ரடாரோ இறங்கிப் போய்ப் பறவையை எடுத்து வரும். நாய் பழக்கியவர்களும் வண்டியோட்டியவர்களும் பெரும்பாலும் கறுப்பு மக்கள்.

1924இல் காடை குறைவதைக் கண்டு கவலைப்பட்ட பண்ணைக்காரர்கள் ஒரு ஆராய்ச்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். அதை நடத்திய ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் 1931இல் பாப்வொயிட் காடையைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். வனத்துறை தீயைப் பரம விரோதியாகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த காலத்தில், நீள்ஊசிப் பைன் காட்டில் அவ்வப்போது தரைத்தீ வைக்காவிட்டால் காடை வாழாது என்று அவர் சொன்னார். அந்தத் தீயை வருஷந்தோறும் வைத்து வந்தவர்கள் யார்? பண்ணை நிலத்தில் வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிட்ட, பெரும்பாலும் கறுப்பினத்தவரான, குடியானவர்கள். அவர்களுடைய சிறுசிறு சோளக்கொல்லையும் தட்டைப்பயறுப் பாத்தியும், நடுவே விட்ட வேலியோரப் புதரும்தான் காடைக்குத் தீனியும் மறைவுமாக இருந்தன. அந்தக் குடிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நிலத்தை விட்டுப் பெயர்ந்தபோது, அவர்கள் செய்துவந்ததைப் பண்ணைகள் செலவு செய்து செய்ய வேண்டியதாயிற்று. அப்படிச் செய்யாத தென்மாநிலங்களின் பெரும்பகுதியில் பாப்வொயிட்டின் குரல் அரிதாகிவிட்டது.

அந்த வண்டியின் புகைப்படங்களில் பாயின்டர் இருக்கிறது, ரிட்ரீவர் இருக்கிறது, சுட்டவர் இருக்கிறார். சில படங்களில் வண்டியோட்டியும் இருக்கிறார், விளக்கக் குறிப்பில் நாய்களுக்குப் பெயர் இருக்கும். காடையை உண்டாக்கியவன் எந்தப் படத்திலும் இல்லை.

6

மறுபடி 1859க்கு வருகிறேன். ஜூனில் நியூகாசில் கண்காட்சி. நவம்பரில் டார்வினின் உயிரினங்களின் தோற்றம். இளவயதில் கௌதாரி சுடுவதில் பித்துப்பிடித்து அலைந்தவர் டார்வின். உள்ளுணர்வு பற்றிய அத்தியாயத்தில் அவர் பாயின்டரை எடுத்துக்கொள்கிறார். முதல் தடவையாக வெளியே கொண்டுபோகும் குட்டியும் சில சமயம் தானே நிற்கிறது, மற்ற நாயைப் பார்த்தும் நிற்கிறது. எஜமானனுக்கு உதவுகிறோம் என்று அதற்குத் தெரியாது. பாய்வதற்கு முன் எந்த வேட்டைப் பிராணியும் ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்தை மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நீட்டியிருக்கிறான் என்பது அவர் ஊகம்.

இதை மறுக்க முடியாது. பாயின்டர் நிற்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. பல தலைமுறைகளாக நிற்கிற நாயை நிற்கிற நாயோடு சேர்த்து உண்டாக்கிய ரத்தம். ஆனால் விழுந்த பறவையை அது எடுக்கக்கூடாது என்பது ரத்தத்தில் இல்லை. அது கொட்டகையின் விதி. சுபாவம் என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. செய்ய முடிவது எது என்பது ஒரு கேள்வி. செய்ய அனுமதியில்லாதது எது என்பது வேறொன்று. ஜெர்மானியக் கடைக்காரன் தன் ஒற்றை நாயை வைத்து இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினான்.

டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்ட்டன் 1869இல் மனித மேதைமையின் பரம்பரை பற்றி எழுதிய நூலின் தொடக்கத்திலேயே, ஓட்டத்தில் சிறந்த நாயையும் குதிரையையும் தேர்ந்தெடுத்து உண்டாக்குவதுபோல உயர்ந்த மனித இனத்தையும் உண்டாக்கலாம் என்றார். 1883இல் அதற்கு யூஜெனிக்ஸ் என்று பெயரும் வைத்தார். அது இருபதாம் நூற்றாண்டில் எங்கே போய் நின்றது என்பது தெரியும். கென்னலின் பதிவேட்டிலிருந்து மனிதர்களின் பதிவேட்டுக்குத் தாண்டியது ஒரே எட்டு.

நமக்கு அந்த எட்டும் தேவைப்படவில்லை. வம்சாவளிச் சீட்டு உள்ள நாயைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? ஜாதி நாய். இந்தச் சொல்லை நாம் யோசித்து உண்டாக்கவில்லை. தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. பிறப்பைக் கொண்டு வேலை, வேலையைக் கொண்டு தூய்மை, கலந்தால் கெட்டுப்போகும் என்ற பயம், எல்லாம் தயாராக இருந்த மொழியில் கென்னல் கிளப்பின் கருத்தாக்கத்தை மொழிபெயர்க்க யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் உவமை ஒரு இடத்தில் உடைகிறது, உடைய வேண்டும். பாயின்டரிடம் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. குட்டியின் முன்னால் ஒரு கௌதாரிச் சிறகைக் கயிற்றில் கட்டி ஆட்டினால் அது நின்றுவிடும். செருப்புத் தைப்பவன் மகன் முன்னால் தோலையும், புரோகிதன் மகன் முன்னால் தர்ப்பையையும் ஆட்டிப் பார்த்தால் எந்தக் குழந்தையும் நிற்காது. எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொள்ளும். இரண்டாயிரம் வருஷம் பதிவேடு எழுதியும் நம்மால் ஒரு பாயின்டரைக்கூட உண்டாக்க முடியவில்லை. நம்மிடம் இருந்தது கொட்டகையின் விதி மட்டும்தான்.